போதைப் பழக்கம் உள்ளவர் தற்கொலைக்கு முயன்றால் 'கேஸ்' ஆகுமா?

ஹெராயின், போதை ஊசி, வலி மாத்திரை என்று ஓபியாய்டு (அபின் வகை போதை) பழக்கத்தில் சிக்கிய ஒருவர் தற்கொலைக்கு முயன்றால், ஆம்புலன்ஸுக்கு போன் போடும் முன்பே வீட்டில் எழும் கேள்வி: "போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?" ஓபியாய்டு அளவு மீறினால் மூச்சு மெல்ல அடங்கும். நேரத்துக்குள் கொண்டுபோனால் நாலோக்சோன் மருந்தால் மீட்க முடியும். தயங்க நேரமில்லை.

தயங்கத் தேவையும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115 சொல்வது இது: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை அவரைத் தண்டிக்கக் கூடாது. மறுபடி அப்படி நேராமலிருக்க சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1-இல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே கிடையாது. அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் இன்னும் குற்றம் (பிரிவு 226). மருத்துவமனை எம்எல்சி (மருத்துவ-சட்டப் பதிவு) போடலாம். அது ஆவணம், கைது அல்ல.

போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்றே இந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஆகவே சிகிச்சை உரிமை, ரகசியக் காப்பு எல்லாம் இவர்களுக்கும் உண்டு. 'அவனாத் தேடிக்கிட்டது' என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

சரி, போதைப்பொருள் வழக்கு? என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். விற்பனைக்கு இது பொருந்தாது.

வீட்டார் அதிகம் கவனிக்க வேண்டியது, சிகிச்சை முடிந்து திரும்பும் முதல் சில வாரங்கள். உடல் பழைய அளவைத் தாங்காது, மனமோ சோர்ந்திருக்கும். அப்போது நேரும் மரணம் விபத்தா தற்கொலையா என்று மருத்துவர்களுக்கே சொல்வது கடினம். அதனால் டிஸ்சார்ஜ் நாளிலேயே கேளுங்கள்: போதைப்பொருளுக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் தரும் புப்ரினார்ஃபின் அல்லது மெதடோன் மாற்று சிகிச்சை தொடருமா, அடுத்த சந்திப்பு எப்போது? நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) ஆதரவு மையங்களில், போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த மாற்று சிகிச்சை இலவசம். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள்.

மனம் விட்டுப் பேச டெலி-மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112.