மான் குடிக்கும் தண்ணீரை வெயில் குடிக்காமல் இருக்க

வேதாரண்யத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "கோடியக்கரை சரணாலயத்தில் கோடை வந்தால் வெளிமான்களுக்காக வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் ஊற்றுகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் தன்னார்வலர்கள் கட்டும் தொட்டி தானாகவே நிரம்பி, மாதக்கணக்கில் வற்றாமல் இருக்கிறதாமே, அது எப்படி?"

கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விடை அவர் ஊர் உப்பளத்திலேயே இருக்கிறது.

முதலில் அந்தத் தொட்டி. பெயர் கஸ்லர். 1943-ல் கலிஃபோர்னியா மாநில வனவிலங்குத் துறையைச் சேர்ந்த பென் கிளேடிங், காடைகளுக்காகத் தானே நிரம்பும் தண்ணீர்த் தொட்டி ஒன்றை விவரித்து எழுதினார். பிறகு அது பிக்ஹார்ன் என்னும் பாலைவன மலையாடுகளுக்கும் வந்தது. நெடுஞ்சாலையும் கால்வாயும் வேலியும் அந்த ஆடுகளின் பழைய வழிகளை அறுத்துவிட்டன. பல ஊற்றுகள் மனிதர் கைக்குப் போய்விட்டன. அதனால் நெவாடாவில் 1964-ல் தொடங்கிய ஃபிரட்டர்னிட்டி ஆஃப் தி டெசர்ட் பிக்ஹார்ன் போன்ற அமைப்புகளின் ஆட்கள், விடுமுறை நாட்களில் மலையேறிப் போய்த் தொட்டி பதிக்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள். பாதையே இல்லாத இடமென்றால் தொட்டியை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு இறக்குவதும் உண்டு. சொந்த வேலையை விட்டுவிட்டு, தன்னைக் கண்டால் ஓடிப்போகும் ஒரு ஆட்டுக்காக சிமெண்ட் சுமக்கிற மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழைதான். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். வருடத்துக்கு 100 மில்லிமீட்டரே பெய்யும் இடத்திலும் 100 சதுர மீட்டர் தகரக் கூரையோ வழுக்குப் பாறையோ இருந்தால் 10,000 லிட்டர் கிடைக்கும். நம் வீட்டு மாடியில் மழைநீர் சேகரிப்புக்குப் போடும் அதே கணக்கு, அதனால் மேலே போகலாம்.

சிக்கல் சேர்ப்பதில் இல்லை, வைத்துக்கொள்வதில்தான். இங்கேதான் உப்பளம் வருகிறது. அகஸ்தியம்பள்ளிப் பக்கம் போனால் பாருங்கள்: தண்ணீரைப் பாத்தி பாத்தியாக, கணுக்கால்கூட நனையாத ஆழத்துக்குப் பரப்பி வைத்திருப்பார்கள். வெயில் எடுப்பது தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து மட்டுமே. அடியில் எவ்வளவு இருக்கிறது என்று வெயில் பார்ப்பதில்லை. ஆகவே சீக்கிரம் வற்ற வேண்டுமென்றால் பரப்பு. வற்றக் கூடாதென்றால் பரப்பைச் சுருக்கு. கஸ்லர் என்பது தலைகீழாக்கிய உப்பளம்.

ஒரு கணக்குப் போடுவோம். பாலைவனக் கோடையில் திறந்த தண்ணீர் நாளுக்கு 1 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். 10,000 லிட்டரை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பினால் ஐந்தே நாளில் போய்விடும். அதையே 1 மீட்டர் ஆழக் குட்டையாக வைத்தால் நூறு நாள். மூடிய தொட்டியில் வைத்து, அரை சதுர மீட்டர் வாயை மட்டும் திறந்து விட்டால்? நாளுக்கு 5 லிட்டர்தான் போகும். யாரும் குடிக்காவிட்டால் 2,000 நாள், அதாவது ஐந்து வருடத்துக்கு மேல்! மழையும் அதேதான், தண்ணீரும் அதேதான், வெயிலும் அதேதான்.

மூடிய பகுதியில் ஆவியாதல் நின்றுவிடுகிறதா என்றால், நிற்பதில்லை. மூலக்கூறுகள் எப்போதும் போலக் கிளம்பிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் கூரைக்கடியில் உள்ள காற்று கொஞ்ச நேரத்தில் ஈரம் நிறைந்துவிடுகிறது. அப்புறம் எத்தனை கிளம்புகின்றனவோ அத்தனை திரும்பி விழுகின்றன. திறந்த குட்டையில் அந்த ஈரக்காற்றைப் பாலைவனக் காற்று அள்ளிக்கொண்டு போய் வறண்ட காற்றைக் கொண்டுவந்து வைக்கிறது. கணக்கு ஒருபோதும் சமமாவதில்லை.

சரி, மூடிய தொட்டியிலிருந்து ஆடு எப்படிக் குடிக்கும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மிதவை வால்வு வைக்கலாம். நம் வீட்டுத் தொட்டியிலேயே அது எத்தனை முறை மக்கர் செய்கிறது! ஆளில்லாத மலையில் அது சிக்கிக்கொண்டால் ஒன்று தண்ணீர் வராது, இல்லையென்றால் எல்லாம் வழிந்துபோகும். அதனால் பல கஸ்லர்களில் அசையும் பாகமே கிடையாது. வீடு கட்டும்போது கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய ட்யூபின் இரு முனையையும் ஆளுக்கொரு மூலையில் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதே தத்துவம். தொட்டியும் குடிக்கும் பள்ளமும் ஒரே மட்டத்தில், அடியில் ஒரு குழாய். தொட்டியில் காற்று போக வலை போட்ட ஒரு சின்ன ஓட்டை. ஆடு பள்ளத்தில் குடித்தால், குடித்த அளவுக்குத் தொட்டியிலிருந்து வந்து மட்டம் சமமாகிறது. இதற்காகத் தொட்டி உயரமாக இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் பள்ளம் வழிந்துவிடும். மட்டம் இறங்க இறங்க விலங்கு எட்டிக் குடிப்பதற்காகப் பள்ளத்தின் தரையைச் சரிவாகக் கட்டுகிறார்கள். தண்ணீர் கீழே போனால் ஆடும் சரிவில் இரண்டடி கீழே நடக்கிறது. சரிவு சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழுக்கினால் ஆமையும் பல்லியும் விழுந்து ஏற முடியாமல் சாகும்.

"போர் போட்டால் போதாதா?" என்றும் மாணவி கேட்கிறார். கோடியக்கரையில் வேண்டாம். அங்கே மணல் மேட்டுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் நீரைவிட அது லேசு. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை அது இருக்கலாம். மோட்டாரால் மேலே ஒரு அடி குறைத்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களை இந்த மணல் மேட்டுக்கு யாரும் கூப்பிட வேண்டாம். இங்கே எங்கே தோண்டினாலும் தண்ணீர்தான், அதனால் தேங்காய் எங்கே நிமிர்ந்தாலும் சரியாகத்தான் இருக்கும். எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டியது. அதைத் தேங்காய் சொல்லாது.

மழையில் நமக்குக் குறையே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவதை 20 சதுர மீட்டர் கூரையில் பிடித்தாலே, 1,000 மில்லிமீட்டருக்கு 20,000 லிட்டர். லாரி காட்டுக்குள் போக வேண்டியதும் குறையும். வெளிமான் திறந்த வெளியை விரும்பும் விலங்கு. மூடிய இடத்துக்குள் தலை நீட்டத் தயங்கலாம். அதனால் தொட்டியை ஓரமாகப் புதைத்து, பள்ளத்தைப் புல்வெளியில் வைக்க வேண்டும். அப்புறம், கட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. இத்தகைய தொட்டிகளால் விலங்குகளின் எண்ணிக்கை உண்மையிலேயே கூடுகிறதா என்று அமெரிக்க உயிரியலாளர்களே இன்னும் வாதாடுகிறார்கள். தொட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, யார் வந்து குடிக்கிறார்கள் என்று பார்க்கும் தானியங்கி கேமராவுக்கும் அதை வருடக்கணக்கில் எண்ணும் ஆராய்ச்சி மாணவருக்கும் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். திறப்பு விழாப் புகைப்படத்துக்குக் கிடைக்கும் பணம் எண்ணும் வேலைக்கும் கிடைக்கட்டும்.

அந்த மாணவிக்கு ஒரு வேலை. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் ஒரு தாம்பாளத்தில் 1 லிட்டர், வாய் குறுகிய ஒரு எவர்சில்வர் குடத்தில் (மண்குடம் வேண்டாம்) 1 லிட்டர் ஊற்றி வையுங்கள். காக்கை குடிக்காமல் இருக்க மேலே வலை போடுங்கள். தினமும் சாயங்காலம் இரண்டையும் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். தாம்பாளம் காய்ந்த அன்று குடத்தில் எவ்வளவு மிச்சம் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.