வினாடிக்கு எட்டே படங்கள்: அனிமே பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

என் அக்கா முதன்முதலாக ஓர் அனிமே தொடரை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரை, பார்க்க உட்கார்ந்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "என்னடா இது, ஆளு அப்படியே நிக்கிறான், வாய் மட்டும்தான் அசையுது. அரைகுறையா வரைஞ்சு விட்டுட்டாங்களா?" என்றாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். அவள் பார்த்தது சரிதான், ஆள் அசையவில்லை. ஆனால் அது அரைகுறை வேலை இல்லை. அந்த அசையாமை எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டால், எந்தத் தொடரில் தொடங்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்பதும் பாதி விளங்கிவிடும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். அனிமே வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது (திரையில் வந்துபோகும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு பிரேம்). ஓர் எபிசோடில் கதை மட்டும் 21 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 30,240 பிரேம். ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் வரைந்தால் வாரம் ஓர் எபிசோடு தருவது நடக்கிற காரியமில்லை. அதனால் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கோ மூன்று பிரேமுக்கோ நிறுத்துகிறார்கள். மூன்று என்றால் வினாடிக்கு எட்டே படங்கள். ஆள் இடைவிடாமல் அசைந்துகொண்டே இருந்தால் அதற்கும் பத்தாயிரம் படங்கள் வேண்டும். சாதாரண டிவி எபிசோடுக்கு வரைவது அதைவிட மிகக் குறைவு. ஆகவே இயக்குநர் ஒவ்வொரு காட்சியிலும் முடிவெடுக்கிறார்: இங்கே படங்களைச் செலவழிக்கலாமா, அங்கே மிச்சம் பிடிக்கலாமா?

1963 ஜனவரி 1 அன்று ஜப்பானியச் சித்திரக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' அனிமே தொடர் ஜப்பானின் ஃபுஜி டிவியில் தொடங்கியது. வாராவாரம் அரைமணி நேரம், 1966 முடிய 193 எபிசோடுகள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அவருடைய முஷி புரொடக்‌ஷன் என்ற அனிமேஷன் கூடம் கையாண்ட வழிகள்தான் இன்றைக்கும் நம் கண்ணில் படுகின்றன: முகத்தை அப்படியே வைத்து வாயை மட்டும் மாற்றுவது, ஆளை நிறுத்திப் பின்னணியை நகர்த்துவது, ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியைப் பத்திரமாக வைத்து மறுபடி மறுபடி எடுத்தாள்வது. அதே கூடத்தில் வளர்ந்த இயக்குநர் ஒசாமு தெசாகி இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். உணர்ச்சி உச்சத்துக்கு வரும் நொடியில் காட்சியை உறையவைத்து, அழுத்தமான கோடுகளோடு தீட்டிய ஓவியமாக மாற்றிவிடுவார். சிக்கனத்துக்காக வந்த அசையாமை அவர் கையில் கதை சொல்லும் மொழியாகவே மாறிவிட்டது. எனக்கு அனிமேவில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

சரி, எட்டுப் படங்கள் எப்படி அசைவாகத் தெரிகின்றன? விழித்திரையில் ஒரு படம் சற்று நேரம் தங்கிவிடுகிறது என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். அது மட்டும் போதாது. 1912இல் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் அடுத்தடுத்த இரண்டு இடங்களில் கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு ஒரே கோடு நகர்வதாகத் தெரிந்தது. இடையில் இல்லாத அசைவை மூளையே இட்டு நிரப்புகிறது. எந்த இரண்டு நிலைகளைக் காட்டினால் மூளை சரியாக நிரப்பும் என்று கண்டுபிடிப்பதுதான் வரைகலைஞரின் திறமை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கணினியில் யூடியூபைத் திறந்து ஓர் அனிமே டிரெய்லரை நிறுத்துங்கள். முற்றுப்புள்ளி விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பிரேமாக நகரும். ஆள் தலை திருப்பும்போது இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறைதான் முகம் மாறும். பின்னணி நகர்கிற காட்சியாக இருந்தால் பெரும்பாலும் அது மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் நகரும். சண்டையில் கை வீசும் இடத்தில் ஒரே ஒரு படத்தில் கை ரப்பர் போல நீண்டு கோரமாக இருக்கும். ஓடவிட்டால் அந்தக் கோரம் தெரியாது, வேகம்தான் தெரியும்.

இதனால் டிவியில் உடனே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மோஷன் ஸ்மூத்திங் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இல்லாத பிரேம்களைத் தானே கற்பித்து நடுவில் செருகுகிறது. கோடுகள் குழைந்து, வேண்டுமென்றே வைத்த வெடுக்கென்ற அசைவு மழுங்கிப்போகும். அப்புறம், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள். நடுவில் வரும் மௌனங்களும் அளந்து வைத்தவை.

தொடரைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதே கணக்குதான். பல தொடர்கள் மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து எடுக்கப்படுகின்றன. மங்கா முடியாமல் இருக்கும்போதே ஆண்டு முழுக்க வாராவாரம் ஓடும் தொடர், மங்காவை எட்டிப்பிடித்துவிடும். அப்போது கதையை இழுக்கவேண்டும் அல்லது புதிதாகச் சேர்க்கவேண்டும். 'நருட்டோ' முதல் தொடரின் 220 எபிசோடுகளில் 135க்குப் பின் வருவதில் பெரும்பகுதி மங்காவில் இல்லாத கதை. ரசிகர்கள் இதை ஃபில்லர் என்பார்கள். முதல் முறை பார்க்கிறவர் தயங்காமல் தாண்டிப் போகலாம். இப்போது பல தொடர்கள் மூன்று மாதப் பருவம் ஒன்றுக்கு 12, 13 எபிசோடுகள் என்று வருகின்றன. இந்த அளவுள்ள ஒன்றில் தொடங்குவது நல்லது. வேலையும் செறிவாக இருக்கும், பிடிக்காவிட்டால் இழப்பும் குறைவு. 26 எபிசோடில் முடியும் 'கவ்பாய் பீபாப்' (1998) பெரியவர்களுக்கு நல்ல வாசல். நீண்ட கதைதான் வேண்டும் என்றால் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்'. 2009இல் தொடங்கிய இது 64 எபிசோடுகளில் மங்காவின் முடிவோடு சேர்ந்தே முடிகிறது. ஷோனென் (சிறுவர்களுக்கானது), செய்னென் (வளர்ந்த ஆண்களுக்கானது) என்பவை கதை வகைகள் இல்லை, எந்த வயதினருக்கான பத்திரிகையில் மங்கா வந்தது என்பதைச் சொல்பவை. கார்ட்டூன்தானே என்று எல்லாவற்றையும் சிறுவர்களுக்குப் போட்டுவிடாதீர்கள்.

டப்பிங்கா, சப்டைட்டிலா? டிவி அனிமேவில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்றே நிலை: மூடியது, பாதி, திறந்தது. எந்த மொழியும் ஓரளவு பொருந்திவிடும். எது வசதியோ அதில் பாருங்கள். 'அகிரா' (1988) மட்டும் ஜப்பானிய ஒலியில். அதில் குரலை முதலில் பதிவுசெய்து அதற்கேற்ப வாயை வரைந்தார்கள்.

அக்காவின் டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துக்கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது பிரதர்ஹுட்டில் 19ஆம் எபிசோடு வரை வந்துவிட்டாள். நேற்று இரவு போனில், "அந்த நெருப்புச் சண்டையை நாலு தடவை நிறுத்திப் பார்த்தேன்டா. ஆளுங்களைவிட நெருப்புக்குத்தான் அதிகமா வரைஞ்சிருக்காங்க போல" என்றாள்.