தாதர் படிக்கட்டில் ரத்தக்குழாய்க்கு என்ன நடக்கிறது?

தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சயானில் லோக்கல் பிடித்து, தாதரில் மாறி அந்தேரி போகிறேன். வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். வாக்கிங் போக நேரமே இல்லை. தாதர் பாலத்துப் படியில் விறுவிறுவென்று ஏறுவது கணக்கில் சேருமா?"

சேரும். பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் பலன் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்துவிட்டது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத சுமார் 25,000 பிரிட்டன்வாசிகளின் மணிக்கட்டில் கருவி கட்டிப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. அன்றாட வேலைக்கு நடுவே ஒன்றிரண்டு நிமிட வேகம், தினம் மூன்று தடவை. அவ்வளவு செய்தவர்களிடம் இதயநோய் மரணம் ஏறக்குறையப் பாதியாக இருந்தது. அவர்கள் முதலிலேயே தெம்பானவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் அந்தப் பாதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் பலனுக்கான காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

படி ஏறினால் தசை ஆக்சிஜன் கேட்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். இது பள்ளிப் பாடம். எனக்கு அலுக்காத இடம் ரத்தக்குழாயின் உட்பக்கம். அங்கே ஒரே ஒரு செல் தடிமனில் எண்டோதீலியம் என்ற படலம் இருக்கிறது. வேகமெடுத்த ரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலைச் செல்கள் உணர்கின்றன! உடனே ஒரு நொதி விழித்துக்கொண்டு, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. அது வாயு என்பதால் செல்சவ்வு அதைத் தடுப்பதில்லை. நேராகப் பக்கத்துத் தசைச் செல்லுக்குள் போய்விடும். தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. சில நொடிகளில் வாயு மறைந்துவிடும். அடிக்கடி உரசல் பட்டால் செல்கள் அந்த நொதியையே கூடுதலாக உண்டாக்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு நிமிட ஓட்டம்கூட வீண் போகாததற்கு இது முக்கியமான காரணம்.

இந்த உட்படலத்தின் வேலை தெரியவந்தது ஒரு சோதனையில். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் மகாதமனித் துண்டுகளில், குழாயைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தபோது, உட்படலம் தேய்ந்துபோன துண்டுகள் மட்டும் தளரவில்லை. 1980இல் அதை வெளியிட்டார். 1998இல் இக்னாரோ, முராட் இருவருடன் நோபல் பரிசு பெற்றார். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரையும் இந்த வாயுவை வைத்துத்தான் வேலை செய்கிறது.

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்று இண்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, மும்பை லோக்கலில் போகிற சில ஆயிரம் பேருக்குக் கருவி கட்டிப் பல வருடம் பின்தொடர இங்கே பணம் ஒதுக்கியே ஆகவேண்டும். பிரிட்டன் கணக்கை எத்தனை நாள் கடன் வாங்குவது?

சரி, அந்தச் சகோதரிக்கு: நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். காலை நெரிசலில் தாதர் பாலம் வேண்டாம், ஆபீஸ் மாடிப்படி போதும். கிளம்பிவிட்ட ரயிலைப் பிடிக்க ஓடவே ஓடாதீர்கள். பிபி, சுகர், இதயக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுக்கினாலோ இடது கை வலித்தாலோ அங்கேயே உட்கார்ந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வழி பாருங்கள்.