கரை உடையும் தசை

சேரன்மகாதேவியில் ஒரு வீட்டில், பாயில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பையன் எழுந்திருப்பதைப் பார்த்தேன். முதலில் குப்புறத் திரும்பினான். கையையும் காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து, அங்கிருந்து தொடைக்கு நகர்த்தி, தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவன் போல மெல்ல நிமிர்ந்தான். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்த அம்மா, "ஒரு வருசமா இப்படித்தான் எந்திரிக்கான்" என்றார். ஆச்சிக்கு அதில் கவலை இல்லை. "கெண்டைக்காலப் பாருங்க, எப்படித் தெரண்டிருக்கு! ஓடியாடுனா சரியாயிரும்."

இப்படி எழுவதை 1879-இல் லண்டன் மருத்துவர் கவர்ஸ் விவரித்தார். அவர் பெயராலேயே மருத்துவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். நோயின் பெயர் டுஷேன் தசைச் சிதைவு. 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் வருகிறது. திரண்டு தெரியும் அந்தக் கெண்டைக்காலில் தசை குறைந்துகொண்டே போக, கொழுப்பும் நாரும் சேர்ந்துகொண்டே வருகின்றன.

தசையின் ஒவ்வொரு இழையும் ஒரு நீளமான செல். அதைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வுதான் அதன் கரை. குளத்தில் கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும், மறுபக்கம் வயல் கிடக்கும். தசையில் அப்படி முட்டிக்கொண்டு நிற்பது கால்சியம். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் இருப்பதைப்போல சுமார் 10,000 மடங்கு கால்சியம் வெளியே இருக்கிறது. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் செல்லுக்குள் இருக்கும் இழைகளை, சவ்வில் உள்ள மற்ற புரதங்கள் வழியாக, வெளியே இருக்கும் பின்னலோடு கட்டிவைக்கிறது. தசை இழுக்கும்போது அந்த விசை சவ்வைக் கிழிக்காமல் பரவிப் போவது இந்தக் கட்டினால்தான். டுஷேன் வந்த பிள்ளைகளிடம் டிஸ்ட்ரோபின் அநேகமாக இல்லை.

2023 டிசம்பர் மழையில் குளங்கள் உடைந்ததைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு அடுத்து நடப்பது எளிதில் பிடிபடும். சவ்வு கிழிந்த இடத்தில் கால்சியம் உள்ளே பாய்கிறது. தசை சுருங்கிய நிலையிலேயே இறுகுகிறது. புரதங்களை வெட்டும் கால்பெய்ன் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா திணறிச் செத்துப்போகிறது. செல்லுக்குள் இருக்கவேண்டிய சிகே என்ற நொதி ரத்தத்தில் கசிந்து, சாதாரண அளவைப்போல் 50, 100 மடங்கு ஏறிவிடுகிறது.

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற நொதிகள் இரண்டும் அதே கசிவில்தான் ஏறுகின்றன. ஆனால் அவற்றைக் கல்லீரல் சோதனை என்றே நமக்குப் பழக்கம். இந்தப் பையனுக்கும் மஞ்சள் காமாலை என்று நினைத்து மாதக்கணக்கில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நடை தடுமாறும் ஆண் பிள்ளைக்கு இந்த எண்கள் கூடியிருந்தால் சிகே-யையும் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கிழிந்த இழையைச் சரிசெய்ய ஒவ்வொரு தசையிலும் துணைச் செல்கள் உண்டு. கரை உடைந்த இடத்தில் மண் கொட்டுகிறமாதிரி அவை ஓடிவந்து புது இழை கட்டுகின்றன. புதிதாகக் கட்டியதிலும் டிஸ்ட்ரோபின் இல்லாததால் அதுவும் கிழிகிறது. வருஷக்கணக்கில் இப்படி நடக்க, வீக்கம் ஓயாமல் நீடித்து, சீமைக் கருவேலம் மண்டிய குளம்போலத் தசைக்குள் நாரும் கொழுப்பும் புகுந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு எந்த மருந்தும் பழைய தசையை மீட்டுத் தருவதில்லை.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "அத்தை மகனக் கட்டுனதாலயா?" இல்லை. டிஸ்ட்ரோபினை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; ஆண் பிள்ளைக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. சொந்தத்தில் கட்டுவதற்கும் டுஷேனுக்கும் தொடர்பு கிடையாது. வேறு சில தசைச் சிதைவுகளுக்குத்தான் அது பொருந்தும். சுமார் மூன்றில் ஒரு பிள்ளைக்கு, தாயிடம் இல்லாத புதுப் பிழையாகவே வருகிறது. எந்தப் பெண்ணும் இதற்காகக் குனிந்து நிற்க வேண்டியதில்லை.

மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. "கடல் மணல் படகு" என்பதில் முதல் "ல்" விழுந்தால் "கடம ணல்ப டகு" என்றாகி, அதன்பின் எதுவுமே புரியாது. டுஷேனில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. மூன்று எழுத்தும் சேர்ந்தே விழுந்தால் வாக்கியம் குட்டையாகும், ஆனாலும் படிக்கலாம். இதே நோயின் லேசான வகையான பெக்கர் பெரும்பாலும் அப்படி வருவது. எக்ஸான் தாண்டும் மருந்துகள் இந்தக் கணக்கை வைத்துப் பிறந்தவை. எக்ஸான் எனப்படும், மரபணுவின் 79 துண்டுகளில் ஒன்றைப் படிக்காமல் தாண்டவைத்து, மிச்ச வரிசையை ஒழுங்குக்குக் கொண்டுவருகின்றன. 51-ஆம் துண்டுக்கான எடெப்லிர்சன் 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நூறு பேரில் சுமார் 13 பேருக்குத்தான் அது பொருந்தும், அவர்களிடமும் திரும்பிவந்த டிஸ்ட்ரோபின் மிகச் சொற்பம்.

நல்ல மரபணுவையே வைரஸில் ஏற்றி அனுப்பலாமே என்றால், அந்த வைரஸ் சுமார் 4,700 எழுத்துகள்தான் சுமக்கும். டிஸ்ட்ரோபினுக்கோ, தேவையானதை மட்டும் எடுத்தாலும் 11,000 எழுத்து வேண்டும். அதனால் வெட்டிச் சுருக்கிய குட்டி டிஸ்ட்ரோபினை அனுப்புகிறார்கள். 2023-இல் வந்தபோது இந்தச் சிகிச்சையின் விலை 32 லட்சம் டாலர். 2025-இல் கல்லீரல் செயலிழந்து சிலர் இறந்ததால் கட்டுப்பாடுகள் கூடின.

நம் கைக்கு எட்டுவது ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன், டிஃப்லாசாகார்ட் இரண்டும் வீக்கத்தை அடக்கி, நடக்கும் காலத்தைச் சில வருஷம் நீட்டித் தருகின்றன. எடை கூடும், எலும்பு மெலியும், ஆனாலும் திடீரென்று நிறுத்தவே கூடாது. இதயத்தையும் மூச்சையும் முறையாகச் சோதிக்க வேண்டும்.

ஆச்சி சொன்ன ஓட்டத்துக்கு வருகிறேன். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான் சவ்வு அதிகம் கிழிகிறது. படி ஏறுவதைவிட இறங்கும்போது தொடைத் தசைக்கு இந்த நிலை. இப்போது அவன் அப்பா தாமிரபரணிப் படித்துறையில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் இறக்கிவிடுகிறார். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள, அவர் விரலைப் பிடித்தபடி பையன் நடக்கிறான்.