பிரஷர் கடைசியில்தான் விழும்

தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலம் வந்துவிட்டால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கத்தி வெட்டுகளும் வந்துவிடும். போன முறை வந்தவருக்கு இடது முன்கையில் ஆழமான வெட்டு. தேயிலைத் தூளை அப்பி, படங்குத் துண்டால் சுற்றியிருந்தார்கள். பிரித்தால் உள்ளே ரத்தம் கட்டி கட்டியாக நின்றது.

பிரஷர் 110/80. "சரியாத்தானே இருக்கு டொக்டர், தையலப் போட்டு அனுப்பிருங்க" என்றார் கூட வந்த மச்சான். ஆனால் நாடி 124. கை சில்லிட்டிருந்தது, நெற்றியில் வேர்வை. நுவரெலியாக் குளிரில் ஒருவர் சும்மா படுத்துக்கொண்டு வேர்த்தால் நான் பயப்படுவேன்.

பெரியவர்கள் உடம்பில் ஏறத்தாழ 5 லீட்டர் ரத்தம் இருக்கிறது. ஒரு லீட்டர் போனாலும் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை ஓடவிட்டு, பிரஷரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவருக்கு அரை மணி நேரத்தில் மேல் அளவு 80க்கு வந்தது.

"பிரஷர ஏத்துற ஊசி இல்லையா?" என்று அவர் மனைவி அழுதார். இருக்கிறது. வாசோபிரசின், 9 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைட், அதாவது குட்டிப் புரதம். பிரசவத்தின்போது கொடுக்கும் ஒக்ஸிடோசினுக்கும் இதற்கும் இரண்டே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இதைச் சேர்த்து வைத்து, ரத்தம் போகும்போது குழாய்களை இறுக்க வெளியே விடும். நெடுநேரம் ரத்தம் போனால் அந்தச் சேமிப்பும் தீர்ந்துபோகும். அப்போது வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று அமெரிக்காவில் 100 நோயாளிகளிடம் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு ஏற்றவேண்டிய ரத்தம் குறைந்தது, இறப்பு குறையவில்லை. அவர்களுக்கும் ரத்தம் ஏற்றி, காயத்தை அடைத்துக்கொண்டேதான் இதைக் கொடுத்தார்கள். குழாயை இறுக்கலாம், உள்ளே ஓட ரத்தம் வேண்டுமே! அதைத்தான் அந்த அம்மாவிடம் சொன்னேன். வெட்டுப்பட்ட ரத்தக் குழாயைக் கட்டி, ரத்தம் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார்.

மலையில் வெட்டுப்பட்டால் தூள் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. படுக்கவைத்துக் கம்பளியால் போர்த்தி, 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். பிளேன்டீ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்கவேண்டி வரலாம். சாப்பாட்டுப் பையோடு துவைத்து மடித்த பழைய வேட்டி ஒன்றும் மலைக்குப் போகட்டும்.