செவ்வாய்க்கிழமைக் கடனும் காயாத கருவாடும்

திருகோணமலை நகரில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் 16 வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் மாவட்டத்தின் அபிவிருத்தி என்று பேச்சு வந்தாலே துறைமுகம், பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள், உப்புவெளி நிலாவெளி ஹோட்டல்கள் என்றுதான் பேசுவார்கள். என் மேசைக்கு முன்னால் நான் பார்ப்பது வேறு. இருப்பவருக்குக் கடன் மலிவாகக் கிடைக்கிறது, இல்லாதவருக்கு அதே கடன் நெருப்பு விலை.

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கருவாடு போட்டு விற்பவர். பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: கணவரின் மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், ஓரம் செல்லரித்த காணி அனுமதிப்பத்திரம். அது கணவரின் பெயரில் இருந்தது. பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்குச் சேரும் என்று பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"இடம்பெயர்ந்து போய் வந்தும் இதே காணிதான் சேர். இது காணாதா?"

காணாது என்றுதான் சொன்னேன். அனுமதிப்பத்திரக் காணி அரச காணி. அதை ஈடாக வைக்க வங்கிகள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. அதே கிழமை உப்புவெளியில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் சொந்தக் காணியின் உறுதியோடு வந்தார், அவருடைய கடன் தடையில்லாமல் போனது. இருவரில் யார் ஒழுங்காகக் கட்டுவார் என்று கேட்டால் நான் அக்காவைத்தான் சொல்வேன். ஆனால் படிவத்தில் அதை எழுத இடமில்லை.

அக்கா வாசலுக்கு வரும் குழுக்கடனை, அதாவது ஒருவருக்கொருவர் பிணை நின்று குழுவாக எடுக்கும் நுண்கடனை, எடுத்தார். 50,000 ரூபாய், கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை. மொத்தம் 65,000. "நூற்றுக்கு 30 வட்டிதானே" என்றார். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கிழமைக்குக் கிழமை முதலும் குறைகிறது, பாதி வருடத்தில் கையில் இருக்கும் கடன் ஏறக்குறைய பாதிதான். வட்டி மட்டும் கடைசிவரை முழு 50,000-க்கும் போகிறது. சரியாகக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 54 வீதம் வரும்.

வட்டியைவிட நாள்தான் அவரை நெருக்கியது. பணம் சேர்க்கும் தம்பி செவ்வாய்க்கிழமை காலையில் வருவார். கருவாடு நன்றாகக் காய மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மழை தூறினால், திங்கள் மாலையே பாதி காய்ந்ததை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும் அந்தக் கருவாட்டைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் பொறுக்க முடிந்தவருக்கு வரும் இலாபம் இவருக்கு வராது.

கடலுக்கும் இதனால் கேடுதான். தவணை நெருங்கினால், கடன்பட்ட மீனவர்கள் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை (ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலை) இறக்கிக் குஞ்சுமீனையும் அள்ளுகிறார்கள். தப்பென்று தெரியும். செவ்வாய்க்கிழமை காசு வேண்டுமே! மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் அடுத்த வருடம் பிடிக்க வேண்டிய மீன் இந்த வருடத் தவணைக்குப் போய்விடுகிறது. நிலைத்த அபிவிருத்தி பற்றிய கூட்டங்களில் வறுமைக்கு ஒரு தலைப்பு, சுற்றுச்சூழலுக்கு ஒரு தலைப்பு என்று பிரிக்கிறார்கள். கரையில் இரண்டும் ஒன்றுதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2018-ல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறு நுண்கடன்களுக்கு நிவாரணம் வந்தது. ஆனால் 2022 நெருக்கடியில், உலக வங்கிக் கணக்குப்படி, நாட்டின் வறுமை 13 வீதத்திலிருந்து 25 வீதமானது. கடன் வாசலுக்குத் திரும்பி வந்தது.

இதை வாசிப்பவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். கையெழுத்து வைக்க முன்னர், "வட்டி முழுத் தொகைக்கா, மிச்சத்துக்கா?" என்று கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள். அப்புறம், வீட்டில் அனுமதிப்பத்திரம் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் எழுதப்படாவிட்டால், உரியவர் உயிரோடிருக்கும்போதே பிரதேச செயலகக் காணிக் கிளையில் பதியுங்கள். பதியாமல் இறந்தால் மகன்களுக்குப் பிறகுதான் மகள்கள் என்றிருந்த 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டுவிட்டது. இன்னும் பழையதையே நம்பிப் பெண்பிள்ளைகள் பேசாமல் இருக்கிறார்கள்.

காணியை அந்த அக்காவின் பெயருக்கு மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. போன மாதம் காணிக் கிளையில் கொடுத்த பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பிரதி எடுத்து அவருடைய கோவையில் வைத்திருக்கிறேன்.