புதிய காருக்கு பி.பி.எஃப். தேவையா: பணம் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

புதிய வண்டிகள் பலவும் கோயில் வாசலிலிருந்து நேராக எங்கள் பட்டறைக்கு வருகின்றன. பானெட்டின் மேல் சந்தனத்தால் எழுதிய ஓம் காய்ந்து வெடித்திருக்கும். அதன் நடுவே குங்குமம் பொடியாகி நிற்கும். அண்மையில் வந்த ஒருவர், நான் பேசத் தொடங்குவதற்குள் கைக்குட்டையை எடுத்து அந்தச் சந்தனத்தை ஈரம்கூடப் படாமல் துடைத்துவிட்டார். விளக்கை அருகில் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினேன். துடைத்த இடத்தில் மட்டும் சிலந்தி வலை போல மெல்லிய வளைகோடுகள் விழுந்திருந்தன. அவர் வந்ததோ, வண்டி முழுவதற்கும் பி.பி.எஃப். என்ற, பெயிண்டின் மேல் ஒட்டும் ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக் கீறலே விழாமல் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக. ஷோரூமில் ஒன்றரை லட்சம் ரூபாய் சொல்லியிருந்தார்கள். டெலிவரிக்கு முன் முடிவு சொன்னால் தள்ளுபடி உண்டு என்றும் சொல்லியிருந்தார்கள்.

நான் பல ஆண்டுகள் பெயிண்டராக இருந்து, பிறகு ஃபிலிம் ஒட்டும் வேலைக்கு வந்தவன். ஃபிலிம் ஒட்டினால்தான் எனக்கு வருமானம். ஆனாலும் முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டும் என்று கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையில்லை என்றே சொல்லி அனுப்புகிறேன். வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது, இரவில் எங்கே நிற்கிறது, அதை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் இதில் பணம் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்த ஃபிலிம் எதைக் காக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனியில் அடித்த பெயிண்ட், அடியில் இருக்கும் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், மேலே பளபளக்கும் கிளியர் கோட் ஆகிய எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும்; மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான். பி.பி.எஃப். என்கிற பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிமோ 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் கொண்டது, அதாவது அது காக்க வந்த பெயிண்டைவிடவே தடிமனானது. நல்ல ஃபிலிம் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற மீள்தன்மையுள்ள பொருளால் ஆனது என்பதால், பறந்து வரும் கல்லின் அடியை அது உள்வாங்கிக்கொள்கிறது. செராமிக் கோட்டிங் என்பது இதற்கு முற்றிலும் வேறானது. அது சில மைக்ரானுக்கு மேல் போகாத ஒரு பூச்சு; தண்ணீர் நிற்காமல் வழுக்கி ஓடவும் அழுக்கு எளிதில் போகவும் உதவுமே தவிர, ஒரு சிறு ஜல்லிக்கல்லைக்கூட அதனால் தடுக்க முடியாது. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிப் பணம் கட்டியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆக, ஃபிலிம் உண்மையில் தடுக்க வேண்டிய பகைவன் கல். எம்-சாண்ட் லாரிகளும் ஜல்லி டிப்பர்களும் ஓடும் நெடுஞ்சாலையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போய் வருபவரின் வண்டியை ஓராண்டு கழித்துப் பார்த்தால், பம்பரிலும் பானெட்டின் முன்விளிம்பிலும் பக்கக் கண்ணாடிகளின் முகப்பிலும் வெள்ளைப் புள்ளிகள் அம்மைத் தழும்பு போல விழுந்திருக்கும். பானெட் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் அந்தப் புள்ளிகள் நாளடைவில் துருவாக மாறும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு, உப்புக் காற்றினால் அது இன்னும் விரைவாக நடக்கும். அப்படி ஓடும் வண்டிக்கு முன்பகுதி ஃபிலிம் வீண் செலவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் அலுவலகத்துக்கும் இடையில் மட்டும் ஓடும் வண்டியின் கதை வேறு. அதற்குக் கல் அடிப்பது அரிது. அதன் பெயிண்டைக் கெடுப்பது, தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டிகளைத் துடைக்கும் துணிதான். முதல் வண்டியின் மண் பத்தாவது வண்டியின் கிளியர் கோட்டில் கோடு போடுகிறது. துடைப்பவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு அவரிடம் இருப்பது அந்த ஒரு வாளியும் ஒரு பழைய பனியனும்தான். அடுத்தது, உப்பு மிகுந்த போர்த் தண்ணீர். வெயிலில் காயும்போது அது சுண்ணாம்பு வட்டங்களை விட்டுச் செல்கிறது. மூன்றாவது, தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துவதால் சொட்டும் பிசினும் காக்கை எச்சமும். எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. பகல் சூட்டில் இளகிய கிளியர் கோட் மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்தைத் தன்மேல் பதித்துக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் முழு வண்டி ஃபிலிம் ஓரளவு தடுப்பு என்பது உண்மை. ஆனால் போர்த் தண்ணீர்க் கறையும் எச்சக் கறையும் ஃபிலிமின் மேலும் பதியும். அதையும் உடனுக்குடன் கழுவித்தான் ஆக வேண்டும். சொந்தமாக இரண்டு வாளி, நான்கு மைக்ரோஃபைபர் துணி, ஒரு நல்ல கார் ஷாம்பு, முடிந்தால் நிழலில் நிறுத்தும் இடம் ஆகியவை இந்த வண்டிகளுக்குப் பெரும் காப்பு. பைக்கின் ஹேண்டில்பார் இடித்து நெளிந்த கதவை எந்த ஃபிலிமாலும் காப்பாற்ற முடியாது.

கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நடுத்தர எஸ்.யூ.வி. முழுவதற்கும் நல்ல ஃபிலிம் ஒட்ட ஒன்று முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை ஆகிறது. பம்பர், பானெட், முன் ஃபென்டர்கள், பக்கக் கண்ணாடிகள், கதவுக் கைப்பிடிக் குழிகள், கதவு விளிம்புகள், ஹெட்லைட்டுகள் என்று அடி விழும் இடங்களுக்கு மட்டும் ஒட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். ஹெட்லைட்டைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட். நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளில் மஞ்சளித்துப் புகை படிந்தது போல ஆகிவிடும். மறுபுறம், ஒரு கதவுக்கு நல்ல பட்டறையில் பெயிண்ட் அடிக்கச் சில ஆயிரம் ரூபாய் போதும். அப்படியானால் கீறல் விழும்போது பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி பெயிண்ட் வெறும் தகட்டின் மேல் 140 டிகிரி அளவுக்குச் சூடேற்றிச் சுடப்பட்டது. கண்ணாடியும் வயரும் பிளாஸ்டிக்கும் பொருத்திய வண்டியைப் பட்டறையில் அந்தச் சூட்டில் வைக்கவே முடியாது, 60 டிகிரிதான் எங்களுக்கு எல்லை. அந்த உறுதியை நாங்கள் எவ்வளவு முயன்றாலும் திருப்பித் தர இயலாது. சிறு கீறலுக்கெல்லாம் இன்சூரன்ஸ் க்ளெய்ம் போட்டால், க்ளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும், ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை வளரக்கூடிய நோ க்ளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடியும் போய்விடும். ஆகவே வண்டியை எட்டுப் பத்து ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவருக்கும் நெடுஞ்சாலைக்காரருக்கும் ஃபிலிமில் நியாயம் இருக்கிறது. நான்காம் ஆண்டில் விற்றுவிட்டு வேறு வண்டி வாங்குபவர், மறுவிற்பனையில் அந்த ஒன்றரை லட்சத்தைத் திரும்பப் பெறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், கவலைப்பட வேண்டியது பிராண்டின் பெயரைப் பற்றி மட்டுமல்ல. வெளியில் ஒட்டப்பட்ட ஃபிலிமுடன் வெள்ளை வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஃபிலிம் பழுப்பேறிய பழைய நோட்டுப் புத்தகம் போல மஞ்சளித்திருந்தது. தொட்டால் விறைப்பாக இருந்தது. அது பி.வி.சி. என்ற மலிவான பிளாஸ்டிக் ஃபிலிம். உரிமையாளர் கட்டியதோ பாலியூரித்தேன் ஃபிலிமின் விலை. ஒட்டுவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் நன்றாக நீண்டு, விட்டதும் மெல்லத் தன் அளவுக்குத் திரும்பும். சூடு பட்டால் மெல்லிய கீறல் தானாக ஆறும் மேற்பூச்சு இருக்கிறதா என்று அறிய, அந்தத் துண்டின் மேல் மென்மையான பித்தளைப் பிரஷால் லேசாகத் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். மெல்லிய கோடுகள் கண்முன்னே மறைய வேண்டும். ரோலின் எண்ணும் உங்கள் வண்டியின் பதிவு எண்ணும் சேர்ந்த வாரண்டிச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சளித்தல், வெடித்தல், உரிதல் ஆகியவற்றுக்குத்தான் வாரண்டி உண்டு. கல் பட்டுக் கிழிந்ததற்கு இல்லை.

அந்த வெள்ளை வண்டியின் ஃபிலிமைச் சூடுகாட்டி உரித்தபோது கண்டதை நான் இன்னும் மறக்கவில்லை. பானெட் விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே, விளிம்புக்கு இணையாக ஒரு கோடு முழு நீளத்துக்கும் ஓடியது. நகத்தால் வருடினால் தட்டியது. வண்டியின் மேலேயே ஃபிலிமை விரித்துப் பிளேடால் வெட்டியிருக்கிறார்கள். பிளேடு ஃபிலிமோடு நிற்காமல் கிளியர் கோட்டையும் நிறத்தையும் தாண்டிப் போயிருக்கிறது. வலது மூலையில் அந்தக் கோட்டின் மேல் ஊசிமுனை அளவில் துரு பூத்திருந்தது. காக்க வாங்கிய பொருளுக்காகவே கம்பெனி பெயிண்ட் வெட்டுப்பட்டதைப் பார்த்து அந்த உரிமையாளர் பேசாமல் நின்றார். ஆகவே, ஃபிலிமைக் கணினியில் உள்ள அளவின்படி பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தில் வெட்டுகிறார்களா, வண்டியின் மேல் வைத்து வெட்டுகிறார்களா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். வண்டியின் மேல் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பிளேடு இல்லாமல் நூல் கொண்டு வெட்டும் டேப்பைப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியை எல்லா இரும்புப் பகுதிகளிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய வண்டி ஒன்றில் 110, 115, 118 என்று வந்துகொண்டிருந்த எண், இடப்பக்கப் பின்கதவில் மட்டும் 240 என்று ஏறியது. எங்கேயோ இடித்து, விற்பதற்கு முன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அப்படி அடித்த பெயிண்டின் மேல் ஒட்டிய ஃபிலிமைப் பின்னாளில் உரிக்கும்போது, பெயிண்டும் தோலாகச் சேர்ந்து வரக்கூடும். இதை ஒட்டிய பிறகு அறிந்து பயனில்லை. வண்டியைக் கையெழுத்திட்டு வாங்குவதற்கு முன்பே அளப்பது நல்லது.

சந்தனத்தைத் துடைத்தவர் வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய் வருபவர்; வீட்டில் மூடிய கார் ஷெட் இருக்கிறது. முன்பகுதிக்கு மட்டும் ஒட்டிக்கொண்டார். அதற்கு முன் அந்த வளைகோடுகளைப் பாலிஷ் போட்டு எடுத்தோம். எடுக்காவிட்டால் அவை ஃபிலிமுக்கு அடியில் அப்படியே நின்றிருக்கும். முதல் வாரம் வண்டியைக் கழுவ வேண்டாம், உள்ளே தங்கிய தண்ணீர் சிறு கொப்புளங்களாகத் தெரிந்தால் வெயிலில் தானாக ஆவியாகிப் போகும், ஊசியால் குத்த வேண்டாம், விளிம்பு எங்காவது தூக்கினால் கையால் அழுத்தாமல் அப்படியே கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தால் அன்று மாலையே தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவிவிடச் சொன்னேன்.